நாற்பத்தொரு இடங்கள்

சர்வர் அறை என்று அவர்கள் சொல்வது
கணக்கு அறையின் மூலையில் ஒரு பிளைவுட் மறைப்பு.
வெளியே கோத்தகிரி, ஏழு டிகிரி.
உள்ளே அந்தப் பெட்டி மட்டும்
காய்ச்சல்காரன் நெற்றிபோலச் சுட்டது.
மூடியைக் கழற்றினேன்.
விசிறி இறக்கைகளில் பதினோரு வருஷத் தேயிலைத் தூள்.
வெந்நீர் ஊற்றினால் நாலு பேர் குடிக்கலாம்.

டிஸ்க் 'டிக்' என்றது.
கொஞ்சம் யோசித்து, மறுபடி 'டிக்'.
எனக்குத் தெரிந்த சத்தம்.
இன்னும் ஒரு ராத்திரி தாங்கும், மிஞ்சினால் இரண்டு.
"பேக்கப் இருக்கா?"
ஒரு பென் டிரைவ் தந்தார்கள்.
அதில் முதலாளி மகளின் கல்யாண வீடியோ இருந்தது.

கீழே ரோலர் ஓடுகிறது.
தரை அதிர, மேஜை அதிர,
தம்ளர் டீ வட்டம் வட்டமாக நடுங்குகிறது.
இப்படி ஆடினால் ஊசி எதைப் படிக்கும்?
மெஷினை நிறுத்தச் சொன்னேன்.
சூப்பர்வைசர் போஜராஜ் சிரிக்கவில்லை.
"ரெண்டாயிரம் கிலோ இலை வாடிக் கெடக்கு.
விடியறதுக்குள்ள ஓட்டலேன்னா புளிச்சுரும்.
உன் டிஸ்க்கை நிறுத்து."
அப்புறம் அவரே ஒரு மூட்டை டஸ்ட் சுமந்து வந்து
பொத்தென்று போட்டார்.
அதன் மேல் படுக்கவைத்தேன்,
பழையதை, பக்கத்தில் புதியதை.
அதிர்வு தூளுக்குள் இறங்கி அடங்கிப்போனது.

இனி ஒரே வரிக் கட்டளை.
எதிலிருந்து, எதற்கு.
வித்தியாசம் ஒற்றை எழுத்து: ஏ, பி.
மாற்றி அடித்தால்
காலி டிஸ்க் தன் காலியை
ஆயிரத்து நூறு பேரின் இலைக்கணக்கு மேல்
நிதானமாக, பிழையே இல்லாமல் எழுதிவிடும்.
குன்னூரில் ஒரு தரம் செய்திருக்கிறேன்.
ஜவுளிக்கடை. அதைப் பற்றிப் பேசுவதில்லை.

தவமலர் அக்கா டார்ச் அடித்து
ஸ்டிக்கர் எண்ணை வாசித்தார்.
திரையோடு ஒப்பிட்டேன்.
"இன்னொரு தடவை, கடைசியிலிருந்து."
வாசித்தார்.
என்டர்.

பத்து மணிக்குக் கரண்ட் போனது.
யுபிஎஸ் கத்தியது. ஜெனரேட்டர் இருமி இருமி எழுந்திருக்கும்வரை
அக்கா என் சட்டைக் கையைப் பிடித்திருந்தார்,
பிடித்திருப்பது தெரியாமல்.

மூன்று மணிக்கு முடிந்தது.
படிக்க முடியாத இடங்கள் நாற்பத்தொன்று.
அங்கெல்லாம் பூஜ்யம் நிரப்பியிருந்தது.
அதுதான் வழக்கம்.
தேடிப் பார்த்தேன். எல்லாமே ஒரே கோப்பு, ஒரே வாரம்,
செடி கருகிய அந்த உறைபனி ஜனவரி.
"அதிர்ஷ்டம்க்கா. அந்த வாரம் யாரும் இலை கொண்டுவரல.
பூஜ்யத்து மேல பூஜ்யம் விழுந்திருக்கு.
நஷ்டம் இல்ல."

அக்கா ஸ்வெட்டர் கையை இழுத்துவிட்டுக்கொண்டார்.
"வியாழக்கிழமை ஒருத்தர் வந்தார்."

தும்பஹட்டி ஹாலன்.
சாக்கு நிறையக் கறுத்த இலை,
தொட்டால் பொடிகிறது.
இதை எடுக்க முடியாதுங்க என்றிருக்கிறார் அக்கா.
'எடுக்க வேண்டாம். எடை போடு. எழுது.'
நாலு கிலோ அறுநூறு.
விலைக் கட்டம் பூஜ்யம், தொகை பூஜ்யம்,
எடை மட்டும் எழுதப்பட்டது.
எதற்கென்று இவர் கேட்கவில்லை.
சாக்கை உதறி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு
அவர் போய்விட்டார்.

உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடேற்றி
புதிய டிஸ்க்கின் அந்தக் கட்டத்தில்
4.600 என்று அடித்தார் அக்கா.
தசமப் புள்ளிக்கு முன்னால் விரல் ஒரு கணம் நின்றது,
பிறகு அழுத்தியது.

மூலமும் நகலும் ஒன்றே என்று
நான் எழுதித் தரவேண்டிய படிவம் ஒன்று உண்டு.
ஒன்றல்ல இப்போது.
வித்தியாசம்: ஒரு வரி.
காரணம் எழுத இரண்டு அங்குல இடம்.
'தவமலர் சொன்னது' என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டேன்.

இன்னொரு நகல் எடுத்தோம், அதிலிருந்து.
ஒன்று எரிந்தால் மற்றது வேறு கூரையின் கீழ் இருக்கவேண்டும்.
அக்காவின் டிபன் பைக்குள் போனது அது,
மஃப்ளரில் சுற்றி.

ஆறு மணிக்குப் போஜராஜ் மூட்டையைக் கேட்டார்.
குன்னூர் ஏலத்துக்கு லோடு நிற்கிறது.
டிஸ்க் கிடந்த இடத்தில்
கையகலத்துக்கு ஒரு பள்ளம், இன்னும் வெதுவெதுப்பாக.
இரண்டு தட்டுத் தட்டிச் சமப்படுத்தித்
தோளில் ஏற்றிக்கொண்டார்.