வராக்கணக்கு

ஓவுலு நகரில் ஜனவரி.
மூன்று மணிக்கே விளக்குப் போட்டாயிற்று.
ஆய்வுக்கூடத்தில் எட்டு சர்வர்கள்,
எட்டுக்கும் விசிறி,
ஒன்றுக்கு மட்டும் இருமல்.

நெட்வொர்க் அட்டையின் வாசலை
ஒரு பொட்டலம் தாண்டும் கணத்தை
வன்பொருள் குறித்துக்கொள்ளும், நானோநொடி சுத்தமாக.
குறித்ததை நம்மிடம் திருப்பித் தர வேண்டும்.
அவ்வளவுதான் ஒப்பந்தம்.

தராத நாளும் உண்டு.
எங்கள் டிரைவர் அதை வெளியே சொன்னதில்லை,
பதினோரு வருஷமாய்.
பதிவேட்டில் ஒரு வரி முணுமுணுத்துவிட்டு
அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடும்.

கெமியிலிருந்து புகார் வந்தது.
இரண்டு கோபுரங்களின் கடிகாரம் ஒத்துவரவில்லை,
நடுவில் நடந்துபோகிறவரின் பேச்சு
பாதியில் அறுந்துவிடுகிறது.
உங்கள் அட்டை நேரத்தைத் தொலைக்கிறதா?

தெரியாது என்று எழுத வெட்கமாயிருந்தது.
தெரியாது என்றுதான் எழுதினேன்.

அதனால் மூன்று எண்கள்.
முத்திரை பெற்றவை.
தொலைந்தவை.
பிழைத்தவை: பிழையால் போனவை என்று பொருள்,
தப்பிப் பிழைத்தவை அல்ல;
இந்த ஒரு சொல்லுக்கு அரை நாள் போயிற்று.
பிறகு நாலாவதாகவும் ஒன்று.
போகிற போக்கில் தன் நேரத்தைத்
தன் முதுகிலேயே எழுதிக்கொண்டு போகும் பொட்டலங்கள்.
போனது தெரியும். எழுதியது தெரியாது.
"உறுதியாகாதவை" என்று பெயர் வைத்தேன்.
பெயர் வைத்ததும் கொஞ்சம் தூக்கம் வந்தது.

தார்மோவுக்கு இதில் சம்மதமில்லை.
"எந்தக் கடைக்காரன்
வராக்கடனைக் கண்ணாடிப் பெட்டியில் அடுக்குவான்?
பூஜ்யம் இருந்தால் யாரும் பார்க்க மாட்டார்கள்.
ஒன்று இருந்தால் நம்மைப் பார்ப்பார்கள்."
தப்பில்லை அவன் சொன்னது.
மூக்கைச் சிந்திவிட்டு
அவனே கேபிளையும் மாட்டித் தந்தான்.

இரவெல்லாம் ஓடவிட்டோம்.
பெற்றவை நாற்பது லட்சத்துச் சொச்சம்.
தொலைந்தவை

ஏழு.

ஏழையும் ஒவ்வொன்றாகத் தோண்டினேன்.
முத்திரை வராமல் போகவில்லை.
தாமதமாக வந்திருக்கிறது.
காத்திருந்து சலித்து நாங்கள் கணக்கை மூடிய பின்
வந்து நின்று,
அடுத்த பொட்டலம் கை நீட்டியதும்
அந்தக் கையில் ஏறிவிட்டது.
ஒருவன் பிறந்த நேரம்
இன்னொருவன் ஜாதகத்தில்.

தொலைந்தவை யாரையும் கெடுக்கவில்லை.
பெற்றவை வரிசையில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்ற
வேறு ஏழுதான் பொய்.

வீட்டுக்குப் போகிற வழி கடல்மேல்.
ஹைலுவோத்தோ தீவுவரை உறைந்த பாதை,
ஓரத்தில் குச்சி நட்டு அடையாளம்.
ஐம்பது மீட்டர் இடைவெளி விடுங்கள் என்கிறது பலகை.
எனக்குப் பின்னால் ஒருவன்
ஒட்டிக்கொண்டே வந்தான்.
அடியில் பனிக்கட்டி ஒரு தடவை முனகியது.
நான் வேகம் கூட்டவில்லை, நிற்கவும் இல்லை.
கரை ஏறியதும் மிர்யாவுக்குக்கூடச் சொல்லாமல்
கோட்டோடு உட்கார்ந்து தட்டினேன்:

முந்தையது திரும்பும்வரை அடுத்ததைக் கேட்காதே.
கைவிட்ட பின் வந்தால் வாங்கிக் கீழே போடு,
யார் கையிலும் கொடுக்காதே.

மறுநாள் தொலைந்தவை பதினொன்று.
"கூடிவிட்டதே" என்றான் தார்மோ.
கூடிவிட்டது.
பெற்றவை வரிசையை இரண்டு முறை சரிபார்த்தோம்,
ஒரு பொய்கூட இல்லை.
அவன் காபி வாங்கப் போனான், எனக்குக் கேட்காமல்;
திரும்பும்போது இரண்டு கோப்பை.

கெமிக்கு எழுதினேன்:
ஆம், தொலைக்கிறது. ஓர் இரவுக்குப் பதினொன்று.
இனி உங்கள் திரையிலும் தெரியும்.

நன்றி என்று பதில்.
கீழே இன்னும் ஒரு வரி.
எதிர்க் கோபுரத்தில் வேறு கம்பெனி அட்டையாம்,
அது பூஜ்யம் என்கிறதாம்.

பூஜ்யமா,
எண்ணவே இல்லையா?

இதை மரியாதையாக எப்படிக் கேட்பது என்று
பாதிக் கடிதத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.
வெளியே மணி இரண்டே முக்கால்.
யாரோ விளக்குப் போடுகிறார்கள்.