காவலன் இரண்டு

பன்னிரண்டாம் வகுப்பில் அதை நாங்கள்
கதவு நாடகம் என்றுதான் சொல்வோம்.
பொலங்கொடி உள்ளே, வேண்மான் வெளியே,
நடுவில் ஐந்து அங்கமும் ஒரு கதவும்.
கடைசி வரி வசனமல்ல,
சாய்வெழுத்தில் ஒரு குறிப்பு:
கதவு திறக்கவில்லை. மௌனம். திரை.
அந்த நாலு சொல்லுக்கு எட்டு மதிப்பெண்.

பள்ளத்தூர்ப் பள்ளியில் பாத்திரம் பிரித்துப் படித்தோம்.
மெய்யம்மைக்குப் பொலங்கொடி.
எனக்குக் காவலன் இரண்டு.
மொத்தமே ஒரு வசனம், "யாரங்கே?"
அதையும் ஒரு பக்கம் முந்திச் சொல்லி
வாங்கிக் கட்டிக்கொண்டேன்.
மெய்யம்மை குறிப்பையும் சேர்த்தே வாசித்தாள்,
மௌனம் என்பதைச் சத்தமாக.
வகுப்பு சிரித்தது.
இருந்ததைத்தானே படித்தேன் என்பதுபோல்
அவள் பக்கத்தைப் புரட்டினாள்.

பரீட்சைக்கு முன்னால் காரைக்குடிக்குப் பஸ் வைத்துக்
கறுப்பு வெள்ளைப் படத்தைக் காட்டினார்கள்.
அதில் கதவு திறக்கிறது.
திறந்து, தொடாமல்,
பூச்சாடிக்கு இரண்டு பக்கமும் நின்று அழுகிறார்கள்.
வேண்மானின் மீசை பென்சிலில் போட்டது,
வியர்வையில் ஒரு முனை காணாமல் போகிறது.
ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும்.
அந்த நடிகை தாழ்ப்பாளில் கை வைத்து எடுப்பாள்,
வைத்து எடுப்பாள்.
மூன்றாம் முறை வைக்குமுன் ரீல் அறுந்தது.
ஆப்பரேட்டர் ஒட்டி முடிக்கும்வரை
விசில், கடலை, யாரோ ஒருத்தனின் இருமல்.
அந்த ஐந்து நிமிட இருட்டுக்குச் சமமாக
இன்னும் எவனும் எடுக்கவில்லை.
விடைத்தாளில் நான் படத்தின் முடிவை எழுதினேன்.
எட்டுக்கு ஒன்று.
அந்த ஒன்று எதற்கென்று இன்றுவரை தெரியாது.

இடையில் கலரில் ஒன்று வந்தது.
பனிமலை, கம்பளிக் குல்லாய், இரண்டு டூயட்.
கதவே கிடையாது.
அதைப் பற்றி இவ்வளவு போதும்.

இப்போது நான் ஜெனரேட்டர் வண்டிக்காரன்.
கானாடுகாத்தானில் ஷூட்டிங் என்றால்
இரண்டு தெரு தள்ளி நிறுத்துவேன்.
சத்தம் போகக்கூடாது,
வெளிச்சம் மட்டும் கேபிளில் போகவேண்டும்.
போன ஆடியில் வந்தது மூன்றாவது கதவு நாடகம்.
டைரக்டர் தம்பிக்கு அசல் வீடு வேண்டும், அசல் கதவு வேண்டும்.
கதவு அசல்தான், பர்மாத் தேக்கு,
யானை முட்டினாலும் யோசிக்கும்.
ஆனால் பதினோரு பங்கு, மூன்று பூட்டு.
ஒரு சாவி ஈப்போவில், ஒன்று கோர்ட்டில்,
மூன்றாவது யாரிடம் என்பதில்தான் வழக்கே.
ஆர்ட் டிபார்ட்மெண்ட் ஒரே ராத்திரியில்
பிளைவுட்டில் இன்னொரு கதவு செய்து
அதற்கு முன்னால் நிறுத்தியது.
ஒரு விரல் போதும், வெண்ணெயாய்த் திறந்தது.
லாரித் தண்ணீரில் மழை, பதினேழு டேக்.

ஐந்தாம் பங்குக்குக் கையெழுத்துப் போட
மெய்யம்மை வந்திருந்தாள்.
கேபிளைத் தாண்டிவந்து என் வண்டியருகே நின்றாள்.
"சேவுகப்பெருமாள்தானே?"
"ஆமா."
"இது மணிக்கு எத்தனை லிட்டர் குடிக்கும்?"
"பதினாலு."
"அம்மாடி."
முப்பத்தொரு வருஷத்தில் எங்கள் வசனம் இவ்வளவுதான்.
பிறகு மானிட்டர் பக்கம் போய்ப் பார்த்துவிட்டுத்
திரும்பி வந்தாள்.
"திறந்துட்டாகளே."
"படத்துல."
அடுத்து வரவேண்டியதை
இம்முறை அவள் வாசித்துச் சொல்லவில்லை.
எஞ்சின்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பேக்கப் ஆனதும் பிளைவுட் கதவை
ஒற்றை ஆள் தலையில் தூக்கிப் போனான்.
பின்னால் தேக்கு, மூன்று பூட்டோடு,
யாரோ ஒட்டிய டேப் ஒரு துண்டோடு.
மெய்யம்மையின் கார் அதன் முன் கொஞ்சம் நின்றது.
நான் எஞ்சினை அணைத்தேன்.
தெருவே போனது.
என் வசனம் ஞாபகம் இருந்தது.
இந்தத் தடவை முந்தவில்லை.