பகல் ஒன்றரை

இராயக்கோட்டை மண்டியில்
தக்காளி ஏலம் முடிந்து
கூடைகள் லாரி ஏறும் நேரத்தில்தான்
எங்கள் தொடர்.
நான்காவது வசனகர்த்தா நான்.
டைட்டிலில் மூன்றாமவர் பெயரே ஓடுகிறது.
மாற்றினால் எடிட்டருக்குத் தனிக் கூலி.

முதலாமவர் காலத்தில்
மாமியார் மங்கையர்க்கரசிக்கு
இடுப்பில் சாவிக்கொத்து.
எந்தச் சாவி எந்தப் பெட்டிக்கென்று
ஒரு நோட்டே வைத்திருந்தாராம்.
அரிசி அளக்கும்போது அவள் பேசமாட்டாள்.
அந்தப் பேசாமைக்கு அரைநாள் படப்பிடிப்பு.
வீட்டுக்கு வீடு அவளைச் சபித்தார்கள்.
சோப்பு விளம்பரம் வரிசையில் நின்றது.

இரண்டாமவரிடம் சேனல் சொன்னது:
வேகம் பத்தாது.
ஒரே வாரத்தில்
லாரி மோதியது, மருமகளுக்கு ஞாபகம் போனது,
அதே முகத்தோடு இன்னொருத்தி
பாம்பு வளர்த்துக்கொண்டு வந்தாள்.
சாவிக்கொத்து எங்கே என்று
யாரும் கேட்கவில்லை.
தப்பு. ஒருத்தி கேட்டாள்.

மண்டியில் தரம் பிரிக்கும் காவேரியம்மா.
கூடைமேல் செல்போனைச் சாய்த்து வைத்து
ஒரு கண் பழத்தில், ஒரு கண் படத்தில்.
நீதான் எழுதறியாமே,
அந்தச் சாவி என்னா ஆச்சு?
தெரியாது என்று சொல்ல வெட்கம்.
வரும் வரும் என்றேன்.

பிறகு பணம் வற்றியது.
சென்னை பங்களாவுக்கு வாடகை பாக்கி.
கிருஷ்ணகிரி தாண்டி
மாங்கூழ் ஆலைக்காரர் பாதியில் விட்ட வீட்டுக்கு
மொத்தக் குடும்பமும் வந்து சேர்ந்தது.
ஏன் வந்தார்கள்?
'நொடிச்சுப் போயிட்டோம்' என்று
ஒரே வரி எழுதினேன்.
யாரும் நடிக்க வேண்டியிருக்கவில்லை.

பெங்களூரு சாலையில் ஹாரன் ஓயாது.
இரண்டு ஹாரனுக்கு நடுவில் அடங்குகிற அளவுக்கு
வசனத்தை நறுக்கக் கற்றேன்.
கல்யாணத்துக்குப் பதினோரு பேர்,
அதில் மூவர் லைட்மேன்கள்.
மாம்பழக் காலம் வந்ததும் ஈ.
மருமகள் அழும்போது
கன்னத்தில் உட்கார்ந்தது, போகவில்லை.
இரண்டாவது டேக்குக்கு நேரமில்லை.
ஆயிரத்து நானூறு எபிசோடில்
அவள் நிஜமாக அழுதது அன்றுதான் என்று
காவேரியம்மா அடித்துச் சொன்னாள்.

மகனாக நடித்தவர் சம்பளம் கேட்டுப் போய்விட்டார்.
'இனி இவருக்குப் பதில் இவர்' என்று போடவும்
இன்னொரு இவர் கிடைக்கவில்லை.
துபாய்க்கு அனுப்பினேன்.
அதற்குப் பின் அவன் வெறும் போன்.
ம்... சாப்பிட்டியா... வெயிலா... சரி...
மறுமுனையில் யாருமில்லாத பேச்சை
பக்கம் பக்கமாக எழுதினேன்.

ஒருநாள் மங்கையர்க்கரசி,
நிஜத்தில் நாகரத்தினம், நான்கு மாதச் சம்பள பாக்கி,
நான் எழுதாத ஒன்றைப் போனில் கேட்டார்:
'காசு எப்பத்தான் போடுவீங்க?'
கேமராவுக்குப் பின்னால் புரொடக்‌ஷன் மேனேஜர் மாதேஷ்
தன் செருப்பைப் பார்த்தபடி நின்றார்.
வெட்ட ஆளில்லை. அப்படியே ஒளிபரப்பானது.
பாக்கி வந்ததா என்றால், வரவில்லை.

இன்னும் ஒன்பது எபிசோட் என்றார்கள்.
மறுநாள், நான்கு.
ரவுண்டானா பக்கம் பழைய இரும்புக் கடையில்
எண்பது ரூபாய்க்கு
ஒரு சாவிக்கொத்து வாங்கினேன், என் காசு.
கடைசி சீனில் வசனமில்லை.
அரிசிப் பானைக்குள் கைவிட்டு எடுத்தார் அந்த அம்மா,
ஒவ்வொன்றாக எண்ணினார்.
டைரக்டர் வெளியே யாரோடோ பேரம் பேசிக்கொண்டிருந்ததால்
கட் சொல்ல மறந்தார்.
எண்ணி முடித்து, மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

அது ஒளிபரப்பாகவில்லை.
திங்கள் ஒன்றரைக்கு வேறு மொழித் தொடர் ஒன்று,
உதடு ஒரு பக்கம், சொல் ஒரு பக்கம்.

மண்டியில் கிலோ நான்கு ரூபாய்.
சாவி கிடைச்சுதா என்றாள் காவேரியம்மா.
கிடைச்சது.
எங்க?
அரிசிப் பானையில.
நசுங்கிய பழத்தைச் சாக்கடைப் பக்கம் வீசினாள்.
அது எனக்கு அன்னிக்கே தெரியும்.
இத்தன வருசம் ஏன்யா
அந்தப் பானையைக் காட்டவேயில்ல?