எட்டுப் போல்ட்

சூசைநாயகம் பாரிசில் கோப்பை கழுவிய கபே
ஒருநாள் இழுத்து மூடப்பட்டது.
மூன்று மாதச் சம்பளத்துக்குப் பதில்
மூலையில் நின்ற பின்போல் மெசினைக் கொடுத்தானாம் முதலாளி.
சிக்காகோவில் செய்தது. என்னைவிட ஆறு வயது மூப்பு.
கால் நாலையும் கழற்றி, கொண்டெய்னரில் ஏற்றி,
முழங்காவிலுக்கு வந்து இறக்கினால்
போல்ட்டுகள் போட்டிருந்த ஜாம் போத்தலைக் காணவில்லை.
ஒரு காலுக்கு இரண்டு. மொத்தம் எட்டு.

இரண்டு மாதமாக அது
நெல்லுச் சாக்குகளின் மேல் மல்லாந்து கிடந்தது.
கண்ணாடிக்குள் ஒரு பொன்முடிக்காரி
நீலச் சுறாவோடு நீந்தியபடி.

கிளிநொச்சியில் கேட்டிருக்கிறார்.
"பத்து மில்லிமீற்றர் தரட்டோ அண்ணை?"
பத்து மில்லிமீற்றர் வாயிலேயே நின்றுவிடும்.
மூன்று நூல் மொத்தம், அங்குலத்துக்குப் பதினாறு மரை,
அதுதான் வேண்டும்.
மல்லாவியில் கடைப்பெடியன்
உள்ளே திரும்பிச் சொன்னது இவருக்கும் கேட்டது:
ஆளுக்கே மரை கழண்டிட்டுது போல.
வவுனியாவில் ஒரு பலகைப் பெட்டியைக் கொட்டி
பின்னேரம் வரை குந்தியிருந்து பொறுக்கியதில்
ஒன்று.
அதை லேஞ்சியில் முடிந்துகொண்டு
பஸ்ஸில் வரும்போது இரண்டு தரம் தொட்டுப் பார்த்தாராம்.

வேலிக்கு அங்கால் நின்று இதையெல்லாம் சொன்னார்.
நான் சீருடை தோய்த்துக்கொண்டிருந்தேன்.
லேஞ்சியை அவிழ்த்துக் காட்டினார்.
எனக்கு அதைத் தெரியும்.

நான் கண்ணிவெடி எடுக்கிற வேலை.
ஒரு மீற்றர் அகலப் பாதை, சிவப்புத் தடிகள்,
முகத்துக்கு முன்னால் மூச்சில் புகாரடிக்கும் கண்ணாடி.
கருவி கத்தினால் முழந்தாளிடவேண்டும்.
மேலிருந்து தொடக்கூடாது;
பக்கவாட்டில், விரலளவு விரலளவாக மண்ணை வழித்து
முக்கால் மணித்தியாலம் கழிய
வெளியே வருவது ஒரு கூரையாணி.
சைக்கிள் வால்வு.
சுரை கழராத போல்ட்.
ஒருமுறை ஒரு சாவி.
வெடிக்காத இரும்புக்கு நீல வாளி இருக்கிறது.
கிழமைக் கடைசியில் நிறுத்து, கொப்பியில் எழுதி,
குழியில் கொட்டுவோம்.

பொறுப்பாளர் ரமணீகரனிடம் கேட்டேன்.
"என்னத்துக்கு?"
"விளையாடுற மெசின் ஒண்டுக்கு."
என்னை நெடுநேரம் பார்த்தார்.
எழுதிப்போட்டு எடு என்றார்.

மண்ணெண்ணெயில் மூன்று இரவு ஊறப்போட்டார் சூசைநாயகம்.
பழைய இங்கிலாந்துப் போல்ட்டுகள்தான் அநேகம்.
அமெரிக்க மரைக்கும் அவற்றுக்கும்
சரிவில் ஒரு மயிரளவு பேதம்;
கோபிக்காமல் திருப்பினால் ஏறிவிடும்.
தண்ணீர் இறைத்த மெசினில் இருந்ததோ,
அரிசி மில்லில் இருந்ததோ, வேறு எதிலோ,
அவர் கேட்கவில்லை.
வாளியிலிருந்து ஆறு தேறின.

ஏழு போல்ட்டோடு எழுந்து நின்றது மெசின்.
கடைசிக் காலுக்கு ஒன்று குறைவு என்பதால்
குண்டு எப்போதும் இடப்பக்கமாகவே ஒதுங்கியது.
நான் பெட்டியில் கைவைத்ததும் பதறினார்:
"உலுக்காதை பிள்ளை! உள்ளுக்கை
தூக்குக்குண்டு ஒண்டு தொங்குது.
தட்டுப்பட்டால் எல்லாம் அணைஞ்சிடும்."
என்னிடம் போய் அதைச் சொன்னதை நினைத்து
அவரே முதலில் சிரித்தார்.
சுருளை இழுத்து விட்டேன்.
விளக்குகள் ஓடின. எங்கேயோ மணி கத்தியது.
என் முழந்தாள் தன்பாட்டில் மடிந்தது.
சீமெந்துத் தரையில் குந்தியிருந்து
தலைக்கு மேலே எண்கள் ஏறுவதைக் கேட்டேன்.

இன்றைக்குத் திங்கள்.
பதினோராம் பாதை, பனங்கன்றுக்கு இந்தப் பக்கம்,
காலை ஆறு ஐம்பது.
கருவி கத்துகிறது.
எட்டாவது போல்ட்டுக்காக அவர் நேர்த்தி வைத்திருக்கிறார்.
நான் நாலு வருசமாக, ஒவ்வொரு சத்தத்துக்கும்.
மண்ணை வழிக்கிறேன்.
போல்ட்டாக இரு.
மூன்று நூல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.