அறைக்கு ஒரு தாள்

"அறைக்கு ஒரு தாள் வைக்கணும், ரெஜினா.
ஊர் எப்படி உண்டாச்சு, பக்கத்துல என்ன பார்க்கலாம்.
முன்பக்கம் மட்டும் போதும்.
பின்னாடியும் அடிச்சா காசு கூட"
என்றார் சேகனா மரைக்காயர்.

மண்ணடி லாட்ஜில் ஒன்பது வருசமாய்ச்
சாவி கொடுத்துச் சாவி வாங்குகிறவள் நான்.
ரசீதுப் புத்தகத்தின் மேல் வைத்து எழுதினேன்:
கோட்டைக்குள் வெள்ளைக்காரர்கள் இருந்தார்கள்.
வெளியே நெய்தவர், சாயம் தோய்த்தவர்,
துபாஷிகள், மசூலாப் படகு வலித்தவர்.
வெளியே இருந்ததற்குக் கருப்பர் நகரம் என்று பேர்.

"கருப்பர் வேணாம், வாடகை குறையும்."
அடித்தேன்.
ராஜா ஒருத்தர் வந்துபோனதில்
அது ஜார்ஜ் டவுன் ஆனதை எழுதினேன்.
அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

பிரெஞ்சுக்காரன் வந்து போன பிறகு
பீரங்கிக்கு மறைக்கிறதென்று வீடுகளை இடித்தார்கள்.
திடலில் இனி யாரும் கட்டக்கூடாதென்று
ஆறு கல் நட்டார்கள்.
ஒன்று இன்னும் பாரிமுனையில் நிற்கிறது,
பஸ்ஸுக்கு நிற்பவர்களோடு.
இடிபட்டவர்கள் வடக்கே தள்ளி
மறுபடி கட்டினார்கள்.
அந்த மறுபடியில்தான் இருக்கிறது எங்கள் லாட்ஜ்.

பிறகு சுவர்.
மைசூர்க் குதிரைகளுக்குப் பயந்து எழுப்பியது.
உங்களுக்காகத்தானே, வரி கொடுங்கள் என்றது கம்பெனி.
யாரும் கொடுத்ததாகத் தெரியவில்லை.
வால்டாக்ஸ் ரோடு என்று
பேர் மட்டும் வசூலாகியிருக்கிறது.

பார்க்க வேண்டியவை:
ராயபுரம் ஸ்டேஷன், அதன் உயரத் தூண்கள்.
அர்மேனியன் கோயில்: கல்லறைமேல் கால் வைத்துத்தான்
முற்றத்தைக் கடக்க வேண்டும்.
காசிமேடு, விடிவதற்கு முன்னால், பழைய செருப்போடு.
எண்ணூர்: துரைமார் காற்று வாங்கப் போன இடம்
(இதை அச்சகக்காரர் படித்துவிட்டுச் சிரித்தார்).
பழவேற்காடு: டச்சுக்காரர் சமாதிகள்,
அதிர்ஷ்டம் இருந்தால் பூநாரைகள்.
பழைய ஜெயில் ரோட்டில் மாடிப் பூங்கா:
மிச்சமிருக்கும் சுவர்த்துண்டின் மேலேயே பூங்கா.

இதில் நான் பார்த்தது காசிமேடு மட்டும்.
அதுவும் வஞ்சிரம் வாங்க.

பதினாலாம் நம்பரில் வியாகுலம் என்று ஒருவர்,
தூத்துக்குடிப் பக்கம்.
கப்பலில் ஆயில்மேன்.
ஏஜென்ட் "நாளைக்கு, நாளைக்கு" என்று
பதினோரு நாள் ஓட்டினான்.
காலையில் சாவி கொடுப்பார், ராத்திரி வாங்குவார்,
நடுவில் செருப்பு தேயும்.
பன்னிரண்டாம் நாள் விடியலில்
பாக்கியைக் கட்டிவிட்டுப் போனார்.

அறையைப் பெருக்கியவள் தாளைக் கொண்டு வந்தாள்.
காசு கூட என்று விட்ட பின்பக்கம் முழுக்கப் பென்சில்:
தெரு தெருவாகக் கோடு,
கோட்டுக்குப் பக்கத்தில் பொடி எழுத்து.
"மெஸ், ரெண்டாவது சோறு காசில்லை."
"இங்கே குடிதண்ணி, அஞ்சு மணிக்குள்ளே."
"இந்தப் பெஞ்சில் உட்கார்ந்தால் எழுப்ப மாட்டார்கள்."
"கடல் தெரியாது. சங்கு கேட்கும்."
மாடிப் பூங்கா இருக்குமிடத்தில்
ஒரு சின்ன மரம் வரைந்து, அடியில்:
"மத்தியானம் மூணு மணி. நல்ல நிழல்."

வியாழக்கிழமை மூணு மணிக்குப் போனேன்.
கதவு பூட்டியிருந்தது.
எப்போது திறப்பார்கள் என்று கேட்க ஆளில்லை.
மரம் இருந்தது.
சுவரில் முதுகைச் சாய்த்தேன்,
வெயில் குடித்த கல், ரவிக்கைக்குள்வரை சூடு.
மீன்பாடி வண்டி ஒன்று, நாய் ஒன்று,
ஹார்பர் பக்கம் சங்கு.

டோக்கன் கட்டோடு ஒரு பையன் வந்தான்.
"பத்து ரூபா, அக்கா."
வண்டி இல்லையே என்றேன்.
சுவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
"நிக்கிறதுக்கு" என்றான்.

சிரித்துவிட்டேன்.
இருநூற்றைம்பது வருசத்துக்கு அப்புறம்
ஒருத்தன் கேட்கிறான்.

கொடுக்கவில்லை.