முதல் சிட்டிங்

மேஜையைத் துடைப்பதுபோல் என் முகத்தைத் துடைத்துவிட்டு
"மயக்க மருந்தெல்லாம் வேண்டாம்க்கா,
பூனை நக்குற மாதிரிதான் இருக்கும்" என்றாள் எப்சிபா.
என்னைப் பூனை நக்கியதில்லை.
கன்றுக்குட்டி நக்கியிருக்கிறது.
அதைச் சொல்லவில்லை.
நான் வேலை பார்க்கும் இடம் அப்படி.

சத்துவாச்சாரியில், மருந்துக்கடைக்கு மேல்மாடி.
வெளியே மே மாதம்.
இரவு பதினொன்றுக்கும் மலைப்பாறைகள்
சூடு கக்கும் மாதம்.

பேனா அளவு கருவி, நுனியில் வைரத்தூள்.
நெற்றியில் தொடங்கி, உறிஞ்சி, உரசி,
மூக்கோரம் வளைந்து
கன்னத்துக்கு வரும்போது
இன்னொரு கையால் தோலை இழுத்துப் பிடிக்கிறாள்.
சுருக்கத்தின் மேல் ஓட்டினால் கோடு விழும்,
எனக்குத் தெரியும்.
பஃபிங் மெஷினுக்குள் மடிப்போடு போன தோல்
ஒருநாளும் உருப்படியாக வந்ததில்லை.

பதினாறு வருஷம்.
ராணிப்பேட்டையில், டியூப்லைட்டுக்குக் கீழே,
விரியும் ஒவ்வொரு தோலையும்
விரலால் தடவி கிரேடு எழுதுபவள் நான்.
உண்ணி கடித்தது. முள்வேலி கிழித்தது.
சூடுபோட்ட எழுத்து. அம்மைத் தழும்பு.
எந்த மாட்டிடமும் கேட்டதில்லை
எப்படி ஆச்சு என்று.

எப்சிபாவும் கேட்கவில்லை.
"மேலாக்க இருக்கிற கருமை போகும்க்கா.
குழி ஆழம். ஆறு சிட்டிங் வந்தாலும்
கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான்."
பொய் சொல்லாத பெண். பிடித்துப்போயிற்று.

முடிந்ததும் கருவிக்குள்ளிருந்து
ஒரு சின்னப் பஞ்சை எடுத்துக் காட்டினாள்:
சாம்பல் நிறத்தில் ஒரு சிட்டிகை.
சாயங்காலம் பஃபிங் செக்‌ஷனில்
மூட்டை மூட்டையாக அள்ளுவார்களே
அதே தூசு.

கண்ணாடியில் முகம் சிவந்திருந்தது
யாரிடமோ திட்டு வாங்கி வந்ததுபோல்.
நாளைக்குள் அடங்குமாம்.
ஒரு வாரம் மஞ்சள் கூடாது, சோப்பு கூடாது,
நகம் படக்கூடாது,
சன்ஸ்கிரீன் இல்லாமல் வாசல் தாண்டக்கூடாது,
வெயிலே கூடாது.
வெயில் படாமல் வேலூரில்
யார் வீடு போய்ச் சேர்ந்தார்கள்?

துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டு
பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் உறைத்தது:
எங்கள் கணக்கில்
தேய்த்துத் திருத்திய தோலுக்கு விலை குறைவு.
கொசுக்கடி முதற்கொண்டு அப்படியே இருப்பதைத்தான்
இத்தாலிக்காரன் முகர்ந்து பார்த்து
கூடக் கொடுத்து வாங்குவான்.

சொல்லிச் சிரிக்க பக்கத்தில் ஆளில்லை.
கன்னம் எரிந்தது, லேசாக.
காற்று பட்டாலே தெரிகிறது.
பதினைந்து நாள் கழித்து வரச் சொல்லி
சீட்டில் தேதி எழுதியிருக்கிறாள்.
வியாழக்கிழமை.
பெர்மிஷன் கேட்க வேண்டும்.