பதினான்கு யூனிட்

அப்பா சாத்தையா, மின்வாரியத்தில் கணக்கெடுப்பவர்.
பள்ளத்தூரில் ஐந்து தெரு அவர் பாடு.
கோடை விடுமுறையில் சைக்கிளின் பின்னால் நான்,
மடியில் கணக்குப் புத்தகம்,
காதில் அவர் செருகிவிட்ட பென்சில்.

பாதி வீடுகளில் பூட்டு.
‘கதவடைப்பு’ என்று எழுதிவிட்டு
அடுத்த வாசலுக்கு மிதிப்பார்.
ஒரு தெருவில் தொடங்கி மறுதெருவில் முடியும் வீடுகள்.
ஒன்றைச் சுற்றி வருவதற்குள்
வாயிலிருந்த மிட்டாய் கரைந்துவிடும்.

கா.வீர. வீட்டுக்கு மட்டும் மீட்டர் வெளியே,
கம்பிக் கூண்டுக்குள், என் கண் உயரத்தில்.
கதவுப் பூட்டின் மேல் குளவிக்கூடு,
அதுவும் காலி.
வீட்டுக்காரர்கள் பினாங்கில் என்றார் ஒருவர்,
இல்லை, கோயம்புத்தூர் என்றார் இன்னொருவர்.
கண்ணாடிக்குப் பின்னே
அலுமினியத் தட்டு சுற்றிக்கொண்டிருந்தது.

மெதுவாக.
விளிம்பின் கறுப்புக் கோடு
போய்விட்டுத் திரும்பி வரும்வரை
முந்நூற்றுப் பத்து எண்ணினேன்.
அதற்குள் அப்பா எதிர்வரிசையை முடித்திருந்தார்.

“உள்ள யாருப்பா இருக்கா?”
“லைட்ட அணைக்காமப் போயிருப்பாக.”
பதினான்கு என்று எழுதினார்,
எச்சில் தொட்டுப் பக்கம் திருப்பினார்.
அவருக்கு அந்த வீடு முடிந்துவிட்டது.

அன்றிரவு அந்த வெளிச்சத்துக்கு ஓர் ஆள் வைத்தேன்.
முதலில் ஒரு திருடன். அவனுக்குச் சலித்துவிட்டது.
பிறகு யாரிடமும் சொல்லாமல்
திரும்பி வந்துவிட்ட ஒருத்தி.
இரண்டாங்கட்டில், ஒற்றை பல்புக்குக் கீழே,
அரிசியில் கல் பொறுக்குகிறாள்.

இரண்டு மாதம் கழித்தும் பதினான்கு.
இருக்கிறாள்.
ஐப்பசியில் பதினாறு: யாரோ விருந்தாளி.
தையில் ஒன்பதுக்கு இறங்கியது.
காய்ச்சலாக இருக்கும் என்று
இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை நான்.
அம்மா எனக்குத்தான் கஷாயம் வைத்தாள்.

ஏழு நாவல்கள் ஆகிவிட்டன.
‘இவர் கதைகளில் எல்லாரும்
கதவுக்கு அந்தப் பக்கமே இருக்கிறார்கள்,
நமக்கு நடமாட்டம் மட்டும் கேட்கிறது’
என்று எழுதியிருந்தார் ஒரு விமர்சகர்.
பாராட்டா, வசவா, தெரியவில்லை.
கத்தரித்து வைத்திருக்கிறேன்.

போன மாசியில் அந்த வீடு ஹோட்டலாகிறது என்று கேள்விப்பட்டுப் போனேன்.
கதவு திறந்து கிடந்தது.
முகப்பு நிறைய பழைய வயர், பாம்புச் சட்டைபோல.
அல்லாப்பிச்சை என்ற எலக்ட்ரீசியன்
சுவரைக் கொத்திக்கொண்டிருந்தார்.
பதினான்கு யூனிட்டைச் சொன்னேன்.
நாவல்களைச் சொல்லவில்லை.

“ஆளும் இல்ல, லைட்டும் இல்லம்மா.
வயரு மேல துணி மக்கிப்போச்சு, சுவத்துல ஈரம்.
கரண்டு கசிஞ்சு கசிஞ்சு மண்ணுக்குப் போயிருக்கு.
இத்தன வருசமா சுவத்துக்குத்தான்
பில்லுக் கட்டியிருக்காக.”

சிரித்தோம்.
என் கை சுவர்மேல் இருந்ததை
அவர் சொல்லித்தான் கவனித்தேன்.
“பயப்படாதீக, லைனை எடுத்தாச்சு.
இப்ப ஒண்ணும் பண்ணாது.”

டீ வாங்கிவரச் சொன்னார், குடித்தேன்.
உள்ளே சுற்றிப் பார்க்கிறீர்களா என்று கேட்டார்.
பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன்.

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது.
இரண்டாங்கட்டுக்கு நான் எப்படிப் போவது?
இன்னும் பாதி அரிசி
பொறுக்காமல் கிடக்கிறது அவளுக்கு.